இரண்டாம் பாகத்தில் கழுதைக்கு வேறு குரல்

போன வாரம் என் லாத்தாவின் பேரனைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லாத்தா என்றால் அக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். சிங்கப்பூரில், பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பேரங்காடித் திரையரங்கில், பேசும் விலங்குகள் வரும் ஒரு குடும்பப் படத்தின் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாகத்தைப் பேரன் பாடமாக ஒப்பிப்பான். எனக்குக் கதை புரியவில்லை, புரிந்துகொள்ள முயலவும் இல்லை. குளிர் தாங்காமல் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடந்தேன். அப்போது திரையில் ஒரு கரடி வாயைத் திறந்தது. அது ஆங்கிலத்தில்தான் பேசும் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் தமிழில் ஏதோ சொல்லப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டேன். பேரன் திரும்பிப் பார்த்து, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டான்.

ஓகேதான். ஆனால் அன்றிலிருந்து மனசு நான் சின்ன வயதில் இருந்த குவீன்ஸ்டவுன் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

என் வயதுக்காரர்களே, மருந்துப் பாட்டிலில் இருக்கும் எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடுகிறவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். நாம் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில், பொது விடுமுறை நாட்களின் பிற்பகலில், வெளிநாட்டுப் பிள்ளைகள் படங்களைத் தமிழ்க் குரலோடு தொலைக்காட்சியில் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு கிழட்டுக் கழுதையும் ஒரு வாத்துக்குஞ்சும் மலை தாண்டி வீடு திரும்பும். நிஜக் கழுதை, நிஜ வாத்து. வாய் மட்டும் எப்படியோ அசையும். கழுதைக்கு எதையோ மெல்லக் கொடுத்துப் படம் பிடித்தார்கள் என்று பள்ளியில் பேசிக்கொண்டோம். அந்தக் கழுதையின் குரல் உங்கள் காதில் இன்னும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் சோம்பல், வாக்கியத்தின் கடைசியில் ஒரு இழுப்பு. அது என் அத்தா.

அத்தா என்றால் அப்பா. சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் சேலை விற்றுக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, சும்மா பாருங்க, பாக்குறதுக்கு என்ன காசா?" என்று வாசலில் போகிறவர்களை உள்ளே இழுக்கும் வேலை அவருக்கு. கடையில் அவர் வாய் மூடியதே இல்லை என்பார்கள். பேச்சையெல்லாம் அங்கேயே விற்றுத் தீர்த்துவிட்டு வெறும் வாயோடு வீட்டுக்கு வருவார். எங்களுக்குச் சொல்ல வேண்டியதையும் அம்மாவிடம்தான் சொல்வார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "அவளுக்குப் பேனா வேணுமான்னு கேளு," என்பார். அம்மா என் பக்கம் திரும்பி, "பேனா வேணுமா?" என்பார். நான் அம்மாவிடம், "வேணும்," என்பேன். அம்மா அத்தாவிடம், "வேணுமாம்," என்பார். ஒரே அறையில், ஒரே விளக்கடியில் இது நடக்கும். எங்களில் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. பக்கத்து வீடுகளிலும் அத்தாக்கள் அப்படித்தான் இருந்தார்கள். கோபமும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. மகள்களிடம் நேரே பேச அவர்களுக்கு வழி தெரியாது, அவ்வளவுதான்.

ஒருநாள் தொலைக்காட்சி நிலையத்தில் டப்பிங் வேலை பார்த்த ஒரு அக்கா கடைக்குச் சேலை வாங்க வந்தார். அத்தாவின் குரலைக் கேட்டதும் சேலையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க ஒரு கழுதைக்குப் பேசுவீங்களா?" என்று கேட்டாராம். அத்தா அதைக் கிண்டல் என்று நினைத்து, "முந்தானையப் பாருங்கம்மா முதல்ல," என்றாராம். இந்தக் கதையை அத்தா எனக்குச் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

அப்புறம் ஓய்வு நாட்களில் நிலையத்துக்குப் போய்வர ஆரம்பித்தார். வீட்டில் பயிற்சி நடக்கும். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி, காற்றை மென்று பார்ப்பார். கழுதை வாயை அகலமாகத் திறந்தபடியேதான் நிறுத்தும். அதனால் வார்த்தையும் வாய் திறந்தபடி முடிய வேண்டும். "வாம்மா" சரிவரும், "வரணும்" சரிவராது, உதடு மூடிவிடும். இந்தக் கணக்கு பிடிபட்டபின் அம்மாவிடம் பேசும்போதும் அவரை அறியாமல் எல்லா வாக்கியமும் இழுவையில்தான் முடிந்தது. "சோறு போடுறியா?" "குடைய எடுத்தியா?" என்று கேட்பார். அம்மா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொள்வார்.

படம் ஒளிபரப்பானபோது எதிர்வீட்டுச் சீன ஆன்டி அதை வீடியோவில் பதிவு செய்து கொடுத்தார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. "யுவர் ஃபாதர், வெரி குட் டாங்கி லா," என்று சொல்லிக் கேசட்டை என் கையில் திணித்தார். அந்தக் கேசட்டுதான் அந்த வருஷம் முழுக்க எனக்கு எல்லாமும். எங்கள் வீட்டு வீடியோ பெட்டி பழையது, கேசட்டை விழுங்கும்போது ஒரு முனகல் போடும். பிறகு திரை நீலமாகும், நீலம் கலையும், பச்சைப் புல்வெளி வரும். பள்ளிவிட்டு வந்து சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வேன். வயிற்றுக்குக் கீழே சிமெண்டு குளிர்ந்திருக்கும். ஜன்னலில் காயும் துணிகளின் நிழல் திரைமேல் ஆடும். கழுதை எனக்கு நேராக முகத்தைத் திருப்பி, "மெதுவா வா. எனக்கென்ன அவசரமா? நீ வர்ற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன், வா," என்று சொல்லும்.

அத்தா என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது. உங்களுக்குப் புரிகிறதல்லவா? அந்தக் குரலில் என்னைப் பார்த்து "நீ" என்று சொன்னது அந்தக் கழுதை மட்டும்தான். வாத்துக்குஞ்சிடம் அது சொன்னதையெல்லாம் நான் எனக்கே எடுத்துக்கொண்டேன். "காலு வலிக்குதா?" என்று அது கேட்டால் கேசட்டை நிறுத்திவிட்டு, "வலிக்கல," என்று பதில் சொல்வேன். நிறுத்தி வைத்த திரையில் கழுதை லேசாக நடுங்கிக்கொண்டே என் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு பட்டனை அழுத்தி அதை விடுவிப்பேன்.

கழுதையை நான் நேரில் பார்த்ததில்லை. இன்றுவரை பார்த்ததில்லை. அதனால் எனக்குக் கழுதை என்றால் சாம்பல் நிறத்தில் ஒரு அத்தா. எங்கள் புளோக்குக்குச் சற்றுத் தள்ளி அப்போது மலாயா ரயில் பாதை போகும். ரயில் போன பிறகு தண்டவாளம் கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும். அந்த ரீங்காரத்தின் பின்னாலேயே கழுதை ஒன்று தண்டவாளத்தின் நடுவில் மெதுவாக நடந்து வருவதாக மத்தியானத் தூக்கத்தில் கனவு காண்பேன். அது படியேறி நடைபாதையில் வரும். குளம்புச் சத்தம் எங்கள் கதவுக்கு முன்னால் நிற்கும். விழித்துப் பார்த்தால் எதிர்வீட்டு ஆன்டி மரக்கட்டைச் செருப்போடு குப்பை கொட்டப் போய்க்கொண்டிருப்பார். சாயங்காலம் அத்தா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். சட்டையில் புதுத்துணிக் கஞ்சி வாசனை இருக்கும். என்னைப் பார்ப்பார். அம்மாவிடம், "அவ படிச்சாளா?" என்பார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும். நீ மத்தியானமே என்னிடம் எவ்வளவு பேசினாய், இப்போது தெரியாதவர்போல் நடிக்கிறாயே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கேசட் இப்போது இல்லை. வீடு மாறும்போது எடுத்துப் பார்த்தால் நாடா முழுக்க வெள்ளைப் பூசணம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் எது தப்பிக்கும்? நிலையத்திலும் கேட்டுப் பார்த்தேன், பழைய பதிவு கிடைக்கவில்லை என்றார்கள். அத்தாவும் மௌத்தாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் குரல் உலகத்தில் எங்கும் இல்லை என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் அழுகைதான் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை நல்ல படமாக இருந்தாலும் ஒரு படத்தில் இருக்கிற வசனம் தீர்ந்துபோகும். பார்த்துப் பார்த்து, கழுதை மூச்சு வாங்கும் இடம்கூட எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்து என்ன சொல்லும் என்று தெரிந்த பிறகு அது என்னிடம் பேசுவதாக நம்புவது கஷ்டமாக இருந்தது. அப்போதுதான் நிலையத்து அக்கா ஃபோன் பண்ணினார். படத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம், தமிழில் போடப்போகிறார்களாம், கழுதைக்கு அத்தாதான் பேச வேண்டுமாம். அத்தா ஃபோனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். "குஞ்சு பெருசாயிடுச்சாம். வேற ஏரிக்குப் போகுதாம்," என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பெருநாளன்றுகூடப் பார்த்ததில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை. இரண்டாம் பாகம் என்றால் எனக்குப் புது வாக்கியங்கள்! ஒரு படம் முழுக்க, நான் இதுவரை கேட்காத வாக்கியங்கள்! பள்ளியில் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

குளியலறையில் மறுபடியும் தாடை ஆட ஆரம்பித்தது.

அதே சமயத்தில்தான் லாத்தாவுக்குத் தீவின் வடக்குக் கோடியில் இருக்கும் மார்சிலிங்கிலிருந்து மாப்பிள்ளை வந்தது. லாத்தா என்னைவிட ரொம்பப் பெரியவள். படிப்பை முடித்து ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அதிர்ந்து பேசமாட்டாள். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்துபோகிற பிள்ளை. மாப்பிள்ளை வீடு நாகூர்ப் பக்கத்துப் பழைய குடும்பம், மசாலா வியாபாரம். மாப்பிள்ளையின் அம்மாவை நாங்கள் அப்போது பார்த்ததுகூட இல்லை, அதற்குள் 'மார்சிலிங் மாமி' என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டோம்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் பெரியத்தா, அத்தாவுடைய அண்ணன். எங்கள் குடும்பத்தில் எது நடந்தாலும் அவர் தொண்டையைச் செருமிய பிறகுதான் நடக்கும். மஃரிபு தொழுகை முடித்துவிட்டு ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். கேசட்டில் கழுதை வாய் திறக்கிற நேரம்.

"அதை அமத்து முதல்ல," என்றார் பெரியத்தா. நான் அணைத்தேன். அவர் அத்தாவைப் பார்த்தார். "ரெண்டாவது தடவையும் கழுதைக்குப் பேசப் போறியாமே?"

"ஆமா நானா." அண்ணனை அத்தா நானா என்றுதான் கூப்பிடுவார்.

"மார்சிலிங்காரங்க கௌரவமான குடும்பம். பரம்பரை வியாபாரிங்க. நாளைக்கு நாலு பேரு என்ன சொல்வாங்க? கழுதை வீட்டுல பொண்ணு எடுத்தோம்னு சொல்லிக் காட்டமாட்டாங்களா? முதல் தடவை ஏதோ வெளயாட்டுன்னு விட்டேன். பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு இதெல்லாம் ஒனக்குத் தேவையா?"

"அந்தம்மாகிட்ட பேசறேன்னு சொல்லிட்டேன் நானா."

"அப்ப முடியாதுன்னு சொல்லிடு லா. இதுல என்ன இருக்கு?"

அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரிப்பை மறைக்கிற அதே முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "நானா சொல்றது சரின்னுதான் எனக்கும் படுது," என்றார். அத்தா அணைந்த திரையின் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி நானா," என்றார்.

முடிந்தது. இன்றைக்கு யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. மார்சிலிங்காரர்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று பெரியத்தா சொன்னார். யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் தெரிந்துவிடுமே! இப்படி, வராத மழைக்குக் குடை பிடித்து நனைந்த குடும்பங்கள் நம் ஆட்களில் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும். லாத்தாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் அறையில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "எனக்காகத்தான் விடுறாங்க. நான் விடச் சொல்லவே இல்லையே," என்று என்னிடம் சொன்னாள். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. எனக்கு அவள்மேல் கோபம். நீ கல்யாணம் செய்துகொண்டு போகிறாய், போகும்போது என் கழுதையையும் கொண்டு போகிறாய் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

குளியலறையில் சத்தம் நின்றது. வீடு எப்போதும்போல் ஆனது. அத்தாவின் வாக்கியங்கள் பழையபடி உதடு மூடி முடிந்தன. நிச்சயம் நடந்தது, மார்சிலிங் மாமியைக் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்தேன். பருத்த உடம்பு, தங்க விளிம்புக் கண்ணாடி. கறாரான ஆள் என்று தோன்றியது. ரமலான் வந்தது. கேலாங் பசாரில் விளக்குகள் போட்டார்கள், அம்மா ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை தைத்தார். நான் கேசட்டைத் தொடவில்லை. தொட்டால் கழுதை பழைய வார்த்தைகளையே சொல்லும், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பது உறுதியாகிவிடும் என்று பயந்தேன். ஆனாலும் மத்தியானத் தூக்கத்தில் தண்டவாளத்தில் அது வந்துகொண்டுதான் இருந்தது. வாயைத் திறக்கும், சத்தம் வராது.

பெருநாளன்று பிற்பகலில் மார்சிலிங்கிலிருந்து எல்லாரும் வந்தார்கள். மாப்பிள்ளை சட்டைக் கழுத்தை ஒரு விரலால் தளர்த்திக்கொண்டே ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பெரியத்தா நடு நாற்காலியில். வீடு முழுக்க பிரியாணி வாசனை, அத்தர் வாசனை, புது பெயிண்ட் வாசனை. அம்மாவும் லாத்தாவும் சமையலறையில் இருந்தார்கள். அத்தா பண்டுங் என்கிற ரோஜாப்பால் ஊற்றிய கிளாஸ்களைத் தட்டில் வைத்து எடுத்து வந்துகொண்டிருந்தார். மாமி உட்கார்ந்ததும் உட்காராததுமாகத் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

"டிவியப் போடுங்களேன். இன்னிக்குத்தானே அந்தக் கழுதைப் படம்? ரெண்டாம் பாகம்! இங்க வர்றதால பாக்க முடியாமப் போயிடுமோன்னு வழியெல்லாம் இவன்கிட்ட புலம்பிக்கிட்டே வந்தேன்."

பெரியத்தாவின் தொண்டை செருமத் தொடங்கி நடுவில் நின்றது. நான் ஓடிப்போய்ப் போட்டேன். எனக்கும் அன்றுதான் ஒளிபரப்பு என்று தெரியும். பார்க்கக்கூடாது என்று காலையிலிருந்து என்னையே கட்டிப்போட்டு வைத்திருந்தேன். திரையில் அதே பச்சைப் புல்வெளி. கழுதை இன்னும் கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது. வாத்து வளர்ந்து வெள்ளை வெளேரென்று நின்றது. கழுதை என் பக்கம் முகத்தைத் திருப்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்பு மகளே, நீ எங்கே செல்கிறாய்?" என்றது.

யாரோ ஒருவருடைய குரல். பிசிறில்லாத, எண்ணெய் தடவிச் சீவியது போன்ற குரல். அந்த முகத்தில் அந்தக் குரலைக் கேட்டபோது, வீட்டுக்குள் தெரியாத ஆள் வந்து அத்தாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஐயே, இது யாரு?" என்றார் மாமி. "நியூஸ் வாசிக்கிற மாதிரில்ல இருக்கு! பழைய ஆளு எங்க? முதல் படத்தை எங்க வீட்டுல அத்தனை பேரும் பார்த்தோம். எங்க வீட்டுக்காரர் மௌத்தான வருஷம் அது. வீட்டுல ஒரு சத்தம் கெடையாது. அந்தக் கழுதை 'வா, வா'ன்னு கூப்புடுறதைக் கேட்டுத்தான் நான் முதன்முதலா சிரிச்சேன். அந்த மனுசனுக்கு என்ன ஆச்சு? உசுரோடதான் இருக்காரா?"

தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசின. பெரியத்தா என்னைப் பார்த்துக் கண்ணால் எச்சரித்தார். அந்தப் பார்வையே எனக்குப் போதுமாக இருந்தது. "இந்தா நிக்கிறாங்களே!" என்று கத்தினேன். "எங்க அத்தாதான் அந்தக் கழுதை!"

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அத்தாவைப் பார்த்தார். "நெசமாவா நானா?"

அத்தா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க. முதல் படத்துல மட்டும்," என்றார்.

"அப்ப இதுல ஏன் பேசல?"

"கல்யாண வீடு... உங்களுக்கு அது ஒரு மாதிரியா இருக்குமோன்னு..."

"எங்களுக்கா?" மாமி மாப்பிள்ளையைப் பார்த்தார், பெரியத்தாவைப் பார்த்தார். பெரியத்தா பண்டுங்கை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "யாரு சொன்னா? இது தெரிஞ்சிருந்தா நிச்சயத்தன்னிக்கே நிக்காஹ் முடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே! சரி, போனது போகட்டும். ஏம்மா, அந்தச் சத்தத்தைக் கொறை. நானா, நீங்க பேசுங்க."

"நான் எப்படிப் பேசுறது? எனக்கு வசனம் தெரியாதே."

"அந்தக் கழுதைக்கு மட்டும் தமிழ் தெரியுமா? பேசுங்க நானா. பெருநாளும் அதுவுமா கேக்குறேன்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அத்தா தட்டைக் கீழே வைத்தார். கைலியைச் சரிசெய்துகொண்டு தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். என்னருகில். நான் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். திரையில் காற்றின் சத்தமில்லாமல் புல் அசைந்தது. வாத்து அலகைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது ஏதோ கேட்கிறது என்று மட்டும் தெரிந்தது. கழுதை வாயைத் திறந்ததும் அத்தா பேசினார்.

"என்ன, கெளம்பிட்டியா?"

அதே குரல். மாமி தொடையில் தட்டி, "ஹா, இதுதான்!" என்றார்.

முதலில் அத்தா தடுமாறினார். கழுதை நிறுத்திய பிறகும் அவர் வாக்கியம் ஓடியது, சில சமயம் அது பேசும்போது இவர் யோசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டார். எனக்கு அன்று புரியாதது இப்போது புரிகிறது. முதல் படத்தில் நான் எனக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் நிலையத்தில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அத்தா வாசித்தார். அன்று எழுதிக் கொடுக்க ஒருவரும் இல்லை. படத்தின் கதையும் அவருக்குச் சரியாகத் தெரியாது. வாத்து வேறு ஏரிக்குப் போகிறது என்பது மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு அவர் சொந்தமாகப் பேசினார்.

"அந்த ஏரித் தண்ணி எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா. நான் கரையில நின்னு குடிக்கிறவன், நீதானே நீந்துறவ?"

வாத்து நடந்தது. கழுதை பின்னால் நடந்தது.

"அங்க எல்லாம் பெரிய வாத்தா இருக்கும். நீ சத்தமா பேசணும், சரியா? நம்ம வீட்டுல சத்தமா பேசி ஒனக்குப் பழக்கம் இல்லம்மா. அது என்னால வந்தது, தெரியுமா?"

அறையில் சிரிப்பு குறைந்துவிட்டது. சமையலறை வாசலில் லாத்தா வந்து நின்றாள். கையில் கரண்டி இருந்தது. அத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அவள் நிற்பது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"சாப்பாட்டுல உப்பு இல்லன்னா கேட்டு வாங்கு, என்னா? பேசாம தின்னுட்டு எழுந்து போகாதே. நீ சொல்லலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும், சொல்லு? ஒன்ன நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டேன்."

லாத்தா அழுதாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. அம்மா பின்னாலிருந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உப்பெல்லாம் நான் பாத்துக்கறேன் நானா, நீங்க மேல சொல்லுங்க," என்றார்.

வெளியே மழை இறங்கி, வீடு பாதி இருட்டாகி இருந்தது. திரையின் பச்சை வெளிச்சம் அத்தாவின் கன்னத்தில் விழுந்தது. அவர் தாடை பக்கவாட்டில் அசைய, கழுதையின் தாடையும் அசைந்தது. எது எதைப் பார்த்து அசைகிறது என்று எனக்குக் குழம்பியது. நான் கனவில்தான் இருக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் வலித்தது. இவ்வளவும் வாத்துக்கு, வாத்து என்றால் லாத்தா, அது எனக்கே தெரிந்துவிட்டது. படத்தில் இருப்பது ஒரே ஒரு வாத்து. எனக்கு அதில் இடம் இல்லை. நான் காத்திருந்த புது வாக்கியங்கள் எல்லாம் வந்துவிட்டன, ஒன்றும் என்னுடையது இல்லை.

கடைசியில் வாத்து பறந்தது. அது ஒரு புள்ளியாகி வானத்தில் தேய்ந்தது. கழுதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாய் மூடியிருந்தது, இனி அதற்குப் பேச ஒன்றும் இல்லை. மாமி கைதட்டப் போனார். ஆனால் அத்தா நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு இருக்கு வீட்டுல," என்றார், அதே இழுவையில். "எப்பப் பாத்தாலும் இந்த டிவிக்கு முன்னாடிதான் படுத்துக் கெடக்கும். நான் வேலை முடிஞ்சு வந்து கதவுக்கு வெளிய நின்னு கேட்டிருக்கேன். கழுதைக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கும். நான் உள்ள வந்தா வாயை மூடிக்கும். அதுகிட்ட என்ன பேசுறதுன்னுதான் எனக்கு இன்னும் தெரியல."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கழுதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரை கறுத்துப் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. கறுப்புக் கண்ணாடியில் எங்கள் இரண்டு முகங்களும் மங்கலாகத் தெரிந்தன.

"என்ன வேணா பேசுங்கத்தா," என்றேன்.

அத்தா என் பக்கம் திரும்பினார். கடையில் சேலை விற்கும் குரலும் இல்லாமல், கழுதையின் குரலும் இல்லாமல், நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில், அம்மாவைப் பார்க்காமல் என்னையே பார்த்து, "பசிக்குதாம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பசிக்கவில்லை. வயிறு முட்டப் பிரியாணி தின்றிருந்தேன். பசிக்கிறது என்று சொன்னேன்.